ஓங்கில் வழக்கு

முப்பத்தோராண்டுக் காலம் நீதிமன்றத்தில் எழுத்தராய் இருந்து ஓய்வு பெற்றோம். வழக்குக் கட்டுகளை அவிழ்த்தும் அடுக்கியும் நம் இளமை கழிந்தது. தீர்ப்பு எழுதும் பேறு மட்டும் அந்நாளில் நமக்கு வாய்க்கவில்லை. அறுபத்து நான்காம் வயதில் அது வீடு தேடி வந்தது. வழக்காட வந்தோர் எண்மர்; எண்மரும் நம் உடன்பிறந்தாரின் பிள்ளைகள். கூண்டில் நின்றதோ ஓர் ஓங்கில். பிள்ளைகள் அதை டால்பின் என்பார்கள். நம் கடலோரத்தார் ஓங்கில் என்பார்கள். ஆனால் இது மன்னார் வளைகுடாவில் துள்ளும் ஓங்கிலன்று. ஜப்பானியர் கற்பனையில் பிறந்து கணினித் திரையில் வாழும் ஓங்கில். அதன் பெயர் பாலஃபின்.

நேயர்கள் நகைக்க வேண்டா. நாமும் முதலில் நகைத்தவர்தாம். பிள்ளை விளையாட்டுக்கு ஒரு சட்டமா, சட்டத்துக்கு ஒரு தடையா, தடையை நீக்க ஒரு மனுவா என்று வாய்விட்டே சிரித்தோம். பிறகுதான், அந்தச் சிறு வழக்கினுள்ளே பெரிய வழக்குகளில் நாம் கண்ட அத்தனையும் அடங்கியிருப்பதைக் கண்டோம். அதனாலேயே இதனை எழுதத் துணிந்தோம்.

போக்கிமான் என்னும் விளையாட்டு 1996ஆம் ஆண்டு ஜப்பானில் பிறந்தது. அதை ஆக்கிய சதோஷி தஜிரி, சிறுவனாக இருந்தபோது பூச்சி பிடித்துச் சேர்ப்பதில் பெருவிருப்பம் உடையவராம். அந்த விருப்பமே இந்த விளையாட்டுக்கு வித்தாயிற்று. இன்று அதில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட உயிரிகள் உள்ளன. நீர், நெருப்பு, புல், மின்சாரம் என்று அவற்றுக்கு வகைகள் உண்டு. நீர் நெருப்பை வெல்லும். புல் நீரை வெல்லும். நெருப்பு புல்லை எரிக்கும். ஒவ்வோர் உயிரிக்கும் உயிர்நிலை, தாக்கும் வலு, காக்கும் வலு, விரைவு முதலாக ஆறு எண்கள் உண்டு. இருவர் எதிரெதிரே அமர்ந்து, ஒவ்வொரு முறையும் தத்தம் கட்டளையை மறைவாகத் தெரிவிப்பர். விரைவு மிக்க உயிரி முந்தித் தாக்கும். தாக்க விரும்பாதவர் தம் உயிரியை அழைத்துக்கொண்டு வேறொன்றைக் களத்துக்கு அனுப்பலாம். ஆனால் அந்த முறை அவருக்கு வீணாகும். சதுரங்கத்தைப் போலவே இதிலும் பாதி ஆட்டம் எதிரியின் மனத்தைப் படிப்பதில்தான் நடக்கிறது.

நம் வீட்டுப் பிள்ளைகள் ஆடுவது இதன் ஒரு தனிமுறை. டிராஃப்ட் லீக் என்கிறார்கள். நமக்குப் பாகப்பிரிவினை என்று சொன்னால்தான் விளங்கிற்று. ஆட்டம் தொடங்குமுன் எல்லா உயிரிகளுக்கும் விலை எழுதிய பட்டியல் ஒன்று வைக்கப்படும். ஒவ்வொருவருக்கும் 100 புள்ளிகள் உண்டு; அதற்குள் பத்து உயிரிகளைத் தேர்ந்துகொள்ள வேண்டும். முறை வைத்து ஒவ்வொருவராக எடுப்பர். முதல் சுற்றில் ஒன்று முதல் எட்டு வரை; இரண்டாம் சுற்றில் எட்டிலிருந்து ஒன்று வரை. ஒருவர் எடுத்ததை மற்றவர் எடுக்க முடியாது. அதன்பின் வாரம் ஒரு போட்டி. எண்மரும் ஒருவரோடொருவர் மோதுவதால் ஏழு வாரங்களில் 28 போட்டிகள் முடியும். தம் பத்து உயிரிகளில் ஆறை அந்தந்த எதிரிக்கு ஏற்பத் தேர்ந்து களமிறக்குவர். ஷோடவுன் என்னும் இணையக் களத்தில் இது நடக்கிறது. 2011இல் தொடங்கிய அக்களத்தில் காசு ஏதும் கேட்பதில்லை.

எண்மரும் ஓரூரில் இல்லை. சிலர் வெளியூர்க் கல்லூரி விடுதிகளில், இருவர் சிங்கப்பூரில், ஒருத்தி வேலை நிமித்தம் சென்னையில். பெருநாளுக்குக்கூட எல்லாரும் ஒன்றுகூடுவது அரிதாகிவிட்டது. வெள்ளிக்கிழமை இரவுகளில் இந்த லீக் ஒன்றுதான் அவர்களை ஒரு பாயில் அமர்த்தி வைத்தது எனலாம். ஆகவே அது குலைவது நமக்குச் சிறிய காரியமாகப் படவில்லை.

இனி, வழக்குக்கு வருவோம்.

பாலஃபின் 2022 நவம்பரில் வெளிவந்த ஸ்கார்லெட், வயலெட் என்னும் ஆட்டங்களில் அறிமுகமாயிற்று. களத்தில் முதன்முறை இறங்கும்போது அது ஒரு சாதாரண ஓங்கில். தாக்கும் வலு 70தான். எவரும் அஞ்ச மாட்டார். ஆனால் அது ஒருமுறை களத்தைவிட்டுத் திரும்பிப் பின்னர் மீண்டும் வருமானால், வீரனாக உருமாறி வரும். அப்போது அதன் தாக்கும் வலு 160. ஆறு எண்களின் கூட்டுத்தொகை 457இலிருந்து 650 ஆகிவிடும். பெருவலு படைத்தவை என்று பெயர்பெற்ற பல உயிரிகளுக்கும் கூட்டுத்தொகை 600தான் என்பதை ஒப்பிட்டுப் பார்த்தால் இதன் வேறுபாடு விளங்கும். அன்றியும், ஜெட் பஞ்ச் என்றொரு குத்து அதற்கு உண்டு. விரைவு எவ்வளவு மிக்க எதிரியாயினும், பொதுவாக இக்குத்தே முந்தி விழும். இன்னொன்று ஃபிளிப் டர்ன். எதிரியை அடித்துவிட்டு, அந்த அடியோடே களத்தைவிட்டுத் திரும்பும் வித்தை அது. பிற உயிரிகளுக்குத் திரும்புதல் ஒரு முறையை வீணாக்கும் செயல். இதற்கோ திரும்புதலே வரவு.

2004இல் தொடங்கிய ஸ்மோகன் என்னும் ஆட்டக்காரர் கழகம் இவ்வுலகில் பெயர்பெற்றது. ஆட்டம் வெளிவந்த சில வாரங்களுக்குள்ளேயே அக்கழகத்தார் தம் பொதுக்களத்தில் பாலஃபினைத் தடை செய்துவிட்டனர். நம் பிள்ளைகள் தம் லீக்கைத் தொடங்கியபோது இதே கேள்வி எழுந்தது. தடை வேண்டுமென்று நால்வர், வேண்டாமென்று நால்வர். ஒன்பதாவது வாக்குக்கு ஆள் இல்லாமல் நம்மை நாடினர். "பெரிய வாப்பா கோர்ட்டில் இருந்தவர்கள்; அவர்கள் சொல்வதைக் கேட்போம்" என்றாள் எண்மரில் மூத்தவளான தம்பி மகள்.

நாம் என்ன செய்தோம்? அந்த உயிரியைக் கண்ணால் பார்த்ததில்லை. ஆட்டத்தின் அரிச்சுவடியும் அறியோம். "பெரிய கழகத்தார் தடை செய்திருக்கிறார்கள் என்றால் காரணம் இல்லாமலா செய்திருப்பார்கள்? நீங்களும் தடை செய்யுங்கள்" என்று சொல்லிவிட்டு நாளிதழை விரித்துக்கொண்டோம். ஐந்துக்கு நான்கு, தடை நிலைபெற்றது. கேள்விப்பட்டதைச் சாட்சியமாக ஏற்கலாகாது என்று முப்பத்தோராண்டு கேட்டுப் பழகிய செவி நம்முடையது. ஆயினும் வெறும் கேள்வியறிவைக் கொண்டே வாக்களித்தோம்.

ஈராண்டு கழிந்தது. சென்ற பருவத்தில் எண்மரில் இளையவன், நம் கடைசித் தங்கையின் மகன், ஏழு போட்டிகளிலும் தோற்றான். பதினான்கு வயது. அவன் வாப்பா வெளிநாட்டில் வேலை. வீட்டில் அவனும் அவன் உம்மாவுந்தான். அவனே தடைநீக்க மனுவை எழுதி அனுப்பினான். ஒரு தாளில் நான்கு வரி: பாலஃபின் ஒன்றும் தீராத பகையன்று, அதை அடக்கும் உயிரிகள் பட்டியலில் பல உள்ளன, ஒருமுறையாவது அதற்கு வாய்ப்பளிக்க வேண்டும். அன்றிரவு தங்கையும் தொலைபேசியில் அழைத்தாள். "காக்கா, பிள்ளை முகமே சரியில்லை. இந்தத் தடவை அந்த மீனைக் கொடுக்காவிட்டால் ஆட்டத்தைவிட்டே போய்விடுவானாம். சின்னப் பிள்ளைதானே, கொடுத்துவிடச் சொல்லுங்களேன்" என்றாள்.

நம் மனம் இளகியது. தடையை எடுத்துவிடுவோம் என்றே முடிவு கட்டினோம். வலியோர் எல்லாம் வென்றுகொண்டிருக்க, மெலியவன் ஒருவன் வலிய துணை ஒன்றைக் கேட்பதில் தவறென்ன? மறுநாள் தம்பி மகளை அழைத்து நம் எண்ணத்தைச் சொன்னோம். அவள் சற்று நேரம் பேசாதிருந்தாள். பிறகு கேட்டாள்: "பெரிய வாப்பா, அடுத்த பருவத்தில் முதலில் எடுப்பவர் யார் தெரியுமா?"

தெரியவில்லை.

"போன பருவத்தில் கடைசியாக வந்தவர்தான். அது நம் லீக்கின் விதி. தடையை இப்போது எடுத்தால் பாலஃபின் யாருக்குப் போகும் என்று எண்மருக்கும் தெரியும். அப்புறம் இது தடைநீக்கம் ஆகாது; தம்பிக்கு நாம் கொடுக்கும் அன்பளிப்புத்தான் ஆகும். அவன் வென்றாலும் அது அவன் வெற்றி என்று யாரும் சொல்ல மாட்டார்கள்."

அந்தச் சொல் நம்மைச் சுட்டது. ஆள் பார்த்துச் செய்யும் சட்டம் சட்டமாகாது என்பதை நீதிமன்றத் திண்ணையில் எத்தனை முறை கேட்டிருப்போம்! விதி இன்னாருக்குப் பயன்படும் என்று தெரிந்தபின் அதைத் திருத்துகிறவன், இரக்கத்தால் திருத்தினாலும் நடுநிலை தவறியவனே. முதல் முறை அறியாமையால் தவறினோம். இம்முறை அன்பினால் தவறவிருந்தோம்.

ஆகவே வழக்கை முறைப்படி விசாரிப்பதென்று துணிந்தோம்.

முதற்கேள்வி: பெரிய கழகத்தாரின் தடை நம் லீக்குக்குப் பொருந்துமா? அவர்கள் களம் பொதுக்களம். அங்கே எவரும் எதையும் தம் அணியில் சேர்க்கலாம். வலிமை மிக்க ஓருயிரியை அனுமதித்தால், அதை வைத்திராதவன் தோற்பான். எனவே எல்லாரும் அதையே வைத்திருப்பர். ஆயிரம் உயிரிகள் இருந்தும் ஆட்டம் ஒன்றன் பின்னேயே ஓடும். அங்கே தடைக்குக் காரணம், பன்மை அழிகிறது என்பது. நம் லீக்கில் அவ்வாறு நேர முடியாது. பாலஃபின் ஒன்றே ஒன்று. அது ஒருவர் கையில் மட்டுமே இருக்கும். அப்படியானால் அந்தக் காரணம் இங்கே செல்லாது. ஆனால் அதனிடத்தில் வேறொரு காரணம் முளைக்கிறது. பொதுக்களத்தில் எல்லார்க்கும் கிட்டும் வலிமை, இங்கே ஒருவருக்கு மட்டும் கிட்டும் வலிமையாகிறது. அங்கே பன்மைக்குக் கேடு. இங்கே சமன்மைக்குக் கேடு. ஒரே தடையை இருவரும் வைத்திருக்கலாம். ஆனால் ஒருவருடைய காரணத்தை மற்றவர் கடன் வாங்க முடியாது. இதை ஈராண்டுக்கு முன்னரே நாம் உணர்ந்திருக்க வேண்டும்.

மறுபுறமும் பார்க்க வேண்டும். பொதுக்களத்தில் எதிரி யாரென்றே தெரியாது. டிராஃப்ட் லீக்கிலோ அடுத்த வெள்ளிக்கிழமை எதிரே யார், அவர் கையில் உள்ள பத்தும் எவை என்று ஒருவாரம் முன்னதாகவே தெரியும். அறிந்த பகைக்கு அரண் அமைக்கலாம். ஆட்டத்தை நடத்தும் நிறுவனத்தாரின் அதிகாரமுறைப் போட்டிகளில் பாலஃபினுக்குத் தொடக்கமுதலே தடை இருந்ததில்லை. அங்கே ஆறில் நான்கை மட்டும் எடுத்து, இரண்டிரண்டாகக் களமிறக்கி ஆடுவர். அந்தக் குறுகிய ஆட்டத்தில் ஒருமுறை திரும்பி வருவதற்குள் எதிரியின் இரண்டு உயிரிகளும் தாக்கி முடித்துவிடும். ஆக, ஓங்கில் ஒன்றே. களம் மாறினால் அதன் பொல்லாங்கும் மாறுகிறது.

இரண்டாம் கேள்வி: குற்றம் உயிரியினுடையதா, அதன் வித்தையொன்றினுடையதா? தம்பி மகள் இதற்கு ஒரு முன்தீர்ப்பைக் காட்டினாள். 2006இல் அறிமுகமான கார்ச்சாம்ப் என்னும் நிலவகை நாகம் ஸ்மோகன் களத்தில் அந்நாளில் தடை செய்யப்பட்டது. அடுத்த தலைமுறை ஆட்டத்தில் அனுமதி பெற்று, மீண்டும் தடைப்பட்டது. மணற்புயல் வீசும்போது எதிரியின் அடிகளில் ஐந்தில் ஒன்று குறி தவறும்படி செய்யும் இயல்பு அதற்கு இருந்தது. வெற்றி தோல்வியைத் திறமை முடிவுசெய்யாமல் அதிர்ஷ்டம் முடிவுசெய்தது. 2012இல் வந்த ஆட்டங்களால் வேறோர் இயல்புடைய கார்ச்சாம்ப் கிடைத்தது. அப்போது கழகத்தார் அந்தப் புயல் இயல்பைத் தடுத்துவிட்டு, உயிரியை விடுவித்தனர். உடலைச் சிறையிலிட்டதன் காரணம் கையிலிருந்த கத்தி என்றால், கத்தியைப் பறித்துக்கொண்டு ஆளை விட்டுவிடலாம் அன்றோ?

நல்ல முன்தீர்ப்புத்தான். ஆனால் பாலஃபினுக்கு அது முழுவதும் பொருந்தவில்லை. அதற்குள்ள இயல்பு ஒன்றே ஒன்று; வீரனாக மாறுவதே அது. அதைப் பறித்தால் மிஞ்சுவது 70 வலுவுள்ள ஓங்கில். அதை விடுவித்தாலும் கேட்பார் இரார். ஆகவே கத்தியைப் பறிக்க வழியில்லை. கைக்கு விலங்கிட வழியுண்டா என்றே பார்க்க வேண்டியதாயிற்று.

மூன்றாம் கேள்விதான் நமக்குக் கடினமாயிருந்தது: தீர்ப்பளிக்க நமக்கு என்ன தகுதி? ஸ்மோகன் கழகத்தார் ஐயத்துக்குரிய உயிரியொன்றைப் பொதுவாக்கெடுப்புக்கு விடும்போது, அதை எதிர்த்து ஆடிக் குறிப்பிட்ட தரத்தை எட்டியவர்க்கே வாக்குரிமை தருவர். தடைக்கு வெறும் பெரும்பான்மை போதாது. 60 விழுக்காடு வேண்டும். நாமோ ஒருமுறையும் ஆடாமல் வாக்களித்தவர். அந்த வெட்கம் நம்மை விடவில்லை. மூன்று வாரம் தம்பி மகளிடமே பாடம் கேட்டோம். இஷாவுக்குப் பின் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கணினிமுன் அமர்ந்தோம். தோற்றோம், மீண்டும் தோற்றோம், எது எதை வெல்லும் என்னும் வாய்பாட்டை ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டிக்கொண்டோம்.

பிறகு பாலஃபினை நம் அணியில் வைத்து, பிள்ளைகளில் ஒருவனோடு ஆடினோம். அவன் அதற்கென்று ஆயத்தமாக வந்தவனல்லன். முதல் முறையில் ஃபிளிப் டர்ன். ஓங்கில் அடித்துவிட்டுத் திரும்பிற்று. சற்றுப்பின் வீரனாக வந்தது. அவ்வளவுதான். ஜெட் பஞ்ச், ஜெட் பஞ்ச் என்று ஒரே பொத்தானை அழுத்தினோம். எதிரே ஒவ்வொன்றாக விழுந்தது. ஐந்தாண்டு ஆடிப் பழகிய பிள்ளையை மூன்று வாரம் பயின்ற கிழவன் வென்றான். மகிழ்ச்சி வரவில்லை, அச்சமே வந்தது. அறியாதவனையும் வெல்லவைக்கும் ஒன்று, அறிந்தவனின் உழைப்பைச் சிறுமைப்படுத்துகிறது. தடை கேட்ட நால்வரின் நெஞ்சு அன்றைக்குத்தான் நமக்குப் புரிந்தது.

மறுநாள் தம்பி மகளோடு ஆடினோம். அவள் ஒருவாரம் எண்ணிப் பார்த்து வந்தவள். நாம் ஃபிளிப் டர்னை ஏவியதும் கிளாட்சையர் என்னும் சேற்றுயிரியைக் குறுக்கே விட்டாள். நீரை உறிஞ்சும் இயல்பு அதற்கு உண்டு. நீரடி எதுவும் அதற்கு மருந்து. நம் அடி வீணாயிற்று; அடி வீணானதால் ஓங்கிலும் திரும்பவில்லை. வேறு வழியின்றிக் கையாலேயே அதைத் திரும்ப அழைத்தோம். அந்த முறையில் அவள் நம் பக்கத்துத் தரையில் முள் பரப்பினாள். வீரன் வந்தான், வரும்போதே முள் தைத்து வந்தான். அடுத்து அவள் சரீனா என்னும் புல்வகை அரசியை நிறுத்தினாள். அவ்வரசியின் முன் முந்திக் குத்தும் குத்து எதுவும் எடுபடாது. நம் ஜெட் பஞ்ச் அங்கே செயலற்றது. பனிக்குத்தைக் கற்பித்திருந்தால் இரண்டையும் மிரட்டியிருக்கலாம்; நான்கு வித்தைகளே வைக்க இடம் என்பதால் அதை விட்டிருந்தோம். தோற்றோம்.

இரு ஆட்டங்களும் நமக்கு உணர்த்தியது இதுதான்: பாலஃபின் வெல்ல முடியாததன்று, ஆனால் அதை வெல்வதற்கு ஒவ்வொருவரும் ஒரு விலை கொடுத்தாக வேண்டும். தம் பத்தில் ஒன்றையாவது, சில வேளை இரண்டையும், அதற்கென்றே ஒதுக்கவேண்டும். ஒருவர் பெறும் உயிரிக்காக எழுவர் கொடுக்கும் விலை அது. ஆகவே, "இது எவ்வளவு வலியது?" என்பது சரியான கேள்வியன்று. "இதை ஒருவர் வைத்திருப்பதற்காக மற்ற எழுவரும் எவ்வளவு இழக்கிறார்கள்? அந்த இழப்பை வைத்திருப்பவரும் உணரும்படி செய்ய முடியுமா?" என்பதே கேள்வி. பொதுக்களத்தார்க்குத் தடை, அனுமதி என்னும் இரண்டு வழிகளே பெரும்பாலும் உண்டு. டிராஃப்ட் லீக்கில் மூன்றாவதொன்று உண்டு, அதுதான் விலை.

எண்மரையும் ஒரு வெள்ளிக்கிழமை இரவு திரையில் கூட்டினோம். நம் வாக்கை நாமே துறந்துவிட்டதாக முதலில் அறிவித்தோம். முன்னொரு நாள் அறியாமல் வாக்களித்ததற்கு வருந்துவதாகவும் சொன்னோம். ஒவ்வொருவரும் பாலஃபினை வைத்து ஓர் ஆட்டமும், எதிர்த்து ஓர் ஆட்டமும் ஆடிய பின்னரே வாக்களிக்க வேண்டும். தடையை நீக்க எண்மரில் ஐவர் வேண்டும். நீக்கினால் நான்கு நிபந்தனைகள். ஒன்று, அதன் விலை 25 புள்ளி. பட்டியலில் அதனினும் விலை மிக்கது இராது. இரண்டு, அதை எடுப்பவர் மழையைக் கொணரும் பெலிப்பரையோ பாலிட்டோடையோ எடுக்கலாகாது. ஏனெனில் மழை நீரடியை ஒன்றரை மடங்காக்கும். மூன்று, போரின் நடுவே வகையை மாற்றிக்கொள்ளும் டெராஸ்டல் உரிமை அதற்கு இல்லை. நான்கு, இது ஒரு பருவத்துக்கு மட்டும். முடிந்ததும் மறுபடி வாக்கெடுப்பு.

இவற்றோடு ஐந்தாவதாகவும் ஒன்று சொன்னோம். அதைச் சொல்லும்போது நம் குரல் சற்றுத் தாழ்ந்தது. "இந்தப் பருவத்தில் எடுக்கும் வரிசை சீட்டுக் குலுக்கித் தீர்மானிக்கப்படும். வாக்கெடுப்பு முடிந்த பிறகே சீட்டுக் குலுக்கப்படும்."

திரையின் ஒரு மூலையில் இளையவன் முகம் வாடியதைக் கண்டோம். மற்றவர்கள் போன பின்னும் அவன் இருந்தான். "மாமா, எனக்கு எதிராகவா விதி செய்தீர்கள்?" என்று கேட்டான். அந்தக் கேள்விக்கு நீதிமன்றப் பாடம் எதுவும் உதவவில்லை. "உனக்கு எதிராக இல்லை, வாப்பா. உனக்காகவும் இல்லை. நீ அதை எடுத்து வென்றால், சட்டம் கொடுத்த வெற்றி என்று எழுவரும் சொல்வார்கள், அந்தப் பேச்சு உன்மேல் ஒட்டக்கூடாது என்றுதான் பார்த்தேன்" என்றோம். அவன் பதில் சொல்லவில்லை. திரை அணைந்தது. அன்றிரவு நமக்குத் தூக்கமில்லை. அவன் விலகிவிடுவானோ என்றே எண்ணிக் கிடந்தோம்.

அவன் விலகவில்லை. வாக்கெடுப்பு நடந்தது, ஐவர் நீக்கவும் மூவர் தடை தொடரவும் வாக்களித்தனர். பிறகு சீட்டுக் குலுக்கினோம். இளையவனுக்கு நான்காம் இடம். முதல் சீட்டு விழுந்தவன் 25 புள்ளிக்கு மலைத்து, பாலஃபினை விட்டுவிட்டான். இரண்டாம் சீட்டுச் சிங்கப்பூர்ப் பிள்ளைக்கு, அவன் எடுத்தான். நான்காம் முறை வந்தபோது இளையவன் வேறொன்றை எடுத்தான். பின்னொரு சுற்றில் சரீனாவைக் கேட்டு வாங்கிக்கொண்டான்.

ஏழு வாரம் ஓடிற்று. ஓங்கிலை வைத்திருந்தவன் ஐந்து போட்டிகளில் வென்று, இரண்டில் தோற்று, இரண்டாம் இடம் பெற்றான். 25 புள்ளியை ஒன்றிலேயே கொட்டியதால் அவனுடைய கடைசி மூன்று உயிரிகளும் பெயரளவில் நின்றன. தோற்ற இரண்டும் அவற்றால் தோற்றவையே. முதலிடம் பெற்றவளிடம் பட்டியலில் பெரும்புகழ் பெற்ற உயிரி எதுவுமில்லை. இளையவன் மூன்றில் வென்று நான்கில் தோற்றான். ஓங்கிலோடு மோதியபோதும் தோற்றான். ஆனால் கடைசி உயிரி வரை நின்று தோற்றான். அவன் சரீனா வீரனை இருமுறை தடுத்து நிறுத்தியதை எழுவரும் பார்த்துக்கொண்டிருந்தனர். ஆட்டம் முடிந்ததும் திரை நிறைய அவனுக்குப் பாராட்டு வந்து விழுந்தது.

பருவ முடிவில் மறுபடி வாக்கெடுப்பு நடந்தபோது இளையவன் என்ன சொல்வானோ என்று காத்திருந்தோம். அவன் சொன்னான்: "அதற்காக என் பத்தில் இரண்டை ஒதுக்கினேன். அது எனக்கு நட்டம்தான். அதனால் விலையை 28 ஆக்குங்கள். ஆனால் தடை வேண்டாம். அடுத்த தடவை எனக்குச் சீட்டு விழலாம். விழாவிட்டால் அதை எப்படி வீழ்த்துவது என்று இன்னும் கொஞ்சம் தெரிந்துவைத்திருப்பேன்." அறுவர் அவனோடு நின்றனர். ஒருவன் மட்டும் தடையே நல்லது என்று கடைசிவரை சொன்னான். அவன் கருத்தும் ஏட்டில் பதியப்பட்டது. அடுத்த பருவத்தில் அவன் சொல்லே மெய்யாகலாம்.

பாலஃபினை விடுவித்தது சரியா என்று இன்றும் நம்மால் அறுதியிட்டுக் கூற இயலவில்லை. புதிய உயிரிகள் வரும், விலைகள் மாறும், இன்று பொருந்துவது நாளை பொருந்தாமற் போகலாம். ஒன்றை மட்டும் உறுதியாகச் சொல்லலாம். ஒன்றை விலக்குவதாயினும் விடுவிப்பதாயினும், அதனால் பயன்பெறுபவர் யாரென்று தெரியுமுன்னரே முடிவு செய்துவிட வேண்டும். அதன் வலியையும் சுவையையும் இருபுறமும் நின்று அறிந்தோரே முடிவு செய்ய வேண்டும். முடிவை மறுபடி எடுத்துப் பார்க்க ஒரு நாளும் குறித்துவைக்க வேண்டும். இவை இருந்தால் முடிவு பிழையானாலும் வீடு பிளவுபடுவதில்லை.

இளையவன் அண்மையில் நமக்கொரு செய்தி சொன்னான். பாலஃபின் பிறவியிலேயே பாலஃபின் அன்றாம். முதலில் ஃபினிசன் என்னும் சிறு ஓங்கிலாக இருக்குமாம். 38ஆம் நிலையை எட்டிய பின்னும் அது தனியாக வளர்ந்துவிடாதாம்; ஆடுபவர் இன்னொருவரோடு இணைந்து ஆடும்போதுதான் அது அடுத்த உருவை அடையுமாம். "கூட ஒருத்தர் இருந்தால்தான் மாமா, அது பெரிசாகும்" என்றான்.

அவன் மீனைப் பற்றித்தான் சொன்னான். வெள்ளிக்கிழமை வந்துவிட்டது, எட்டுப் பெயரும் திரையில் ஒவ்வொன்றாக ஒளிரத் தொடங்கின. நாமும் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு அமர்ந்தோம்.